கம்பி தெரியுதுங்ணா

சேலம் கோரிமேட்டுல ஒரு பஞ்சர் கடைப் பையன் என் வண்டிக்கு முன்னாடி குத்த வெச்சு உக்காந்துக்கிட்டு சொன்னது இது. நான் போனது பின்பக்க டயர் பஞ்சருக்கு. ஏற்காட்டுல இருந்து இறங்கி வந்துட்டிருந்தப்போ அடிவாரம் தாண்டினதும் பின்னாடி கொஞ்சம் ஆடுற மாதிரி இருந்துச்சு, சரி ஆணி ஏதோ ஏறிருச்சுன்னு நிறுத்தினேன். பையன் ஆணிய புடுங்கி, பஞ்சர் ஒட்டி, காத்து அடிச்சு முடிச்சுட்டு, "முன்னாடியும் காத்து பாத்துர்றேங்ணா"ன்னு போனவன் அப்படியே நின்னுட்டான். ஸ்டியரிங்க ஃபுல்லா ஒரு பக்கம் ஒடிச்சு வெச்சிருந்ததால டயரோட உள்பக்கம் வெளிய தெரிஞ்சுது. "அண்ணா, இங்க வந்து பாருங்க. கம்பி தெரியுதுங்ணா."

போய்ப் பாத்தேன். வெளிப்பக்கம் பட்டன் (டயர் மேல இருக்கற ரப்பர் கட்டங்க) எல்லாம் நல்லா, புது டயர் மாதிரி. உள்பக்கம் ஒரு ரெண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. அந்த மொட்டையோட ஓரத்துல ரப்பர் கிழிஞ்சு உள்ள இருக்கற ஸ்டீல் பெல்ட்டோட கம்பி பளபளன்னு நீட்டிட்டிருக்கு. இதுல தான் நான் அன்னைக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதே 20ஐ இறங்கி வந்திருக்கேன், பின்னாடி சீட்ல என் பொண்ணு தூங்கிட்டு வந்தா. வயித்துல ஏதோ புரண்டுச்சு. அந்த டயர் போட்டு 9,000 கிலோமீட்டர் தான் ஆகுது.

வண்டி 2014 ஸ்விஃப்ட், டீசல். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. 2024 பிப்ரவரில வண்டிய தாழ்த்தற லோயரிங் ஸ்பிரிங் போட்டேன், கணக்குப்படி உயரம் 40 மில்லிமீட்டர் இறங்கணும். ஏன் போட்டேன்னு கேட்டா ஹேண்ட்லிங்குக்குன்னு வீட்ல சொன்னேன், உண்மைய சொன்னா வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவுல இருந்த அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கல, அவ்ளோ தான். (மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இந்த மாதிரி வேலைய எல்லாம் எப்படிப் பாக்கும்ங்கறது தனிக்கதை, இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் பேசிக்கோங்க, நான் யாருக்கும் இத போடச் சொல்லி சிபாரிசு பண்ணல.) ஸ்பிரிங்கோட சேர்த்து முன்னாடி ரெண்டு புது டயரும் போட்டேன். அதே நாள் சாயங்காலம் ஒரு கடைல 3டி மெஷின்ல அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிக்கற கோணத்த அளந்து சரிபண்றது. ஸ்கிரீன்ல டோ (மேல இருந்து பாத்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கறது) ரெண்டு பக்கமும் பச்சை, அதாவது கம்பெனி அளவுக்குள்ள, கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா சக்கரம் சாஞ்சிருக்கறது) மட்டும் சிவப்பு. "ஸ்பிரிங் போட்ட வண்டிக்கு கேம்பர் அப்படித்தான் சார் இருக்கும், அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது"ன்னு சொல்லி பிரிண்ட் எடுத்து கைல குடுத்தாங்க. அது பொய்யும் இல்ல, அந்த நேரத்துக்கு அது சரியான பிரிண்ட் தான். அத தான் நான் புரிஞ்சுக்கல.

கம்பி தெரிஞ்ச போட்டோவ ஃபிரண்ட்ஸுக்கு அனுப்புனா எல்லாரும் ஒரே குரல்ல கேம்பர், கேம்பர், கேம்பர். வண்டிய இறக்கினா சக்கரம் மேல்பக்கம் உள்ள சாயும், உள்பக்கம் தேயும், பாத்தாலே தெரியுதேன்னு. பாத்தாலே தெரியுறது தான் பிரச்சனை. கேம்பர் கண்ணுக்குத் தெரியும், டோ தெரியாது, அதனால எல்லாப் பழியும் கேம்பர் மேல போகுது.

இத முதல்ல எனக்குச் சொன்னது சங்ககிரில லாரி ஓட்டி, அப்புறம் சொந்தமா ரெண்டு லாரி வெச்சிருக்கற எங்க சித்தப்பா. கார் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் நெனச்சுட்டிருந்தேன் (பாதி உண்மை, கீழ வர்றேன்). ஏதோ விசேஷத்துக்கு வந்தவர் கழட்டி ஓரமா போட்டிருந்த டயர பாத்துட்டு, கண்ணாடி கூட போடல, உள்ளங்கைய டயர் மேல குறுக்க வெச்சு ஒரு தடவு தடவினார். அப்புறம் திருப்பி எதிர்ப்பக்கமா ஒரு தடவு.

"கண்ணு, கைய குடு. உள்பக்கம் இருந்து வெளிய போ. வழுக்குதா? இப்ப வெளிய இருந்து உள்ள வா."

வெளிய இருந்து உள்ள வந்தா கை கீறுச்சு. ஒவ்வொரு பட்டனோட ஓரமும் ரம்பம் மாதிரி. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, கைக்கு மட்டும் தெரியுது.

"சக்கரம் முன்னாடி விரிஞ்சு ஓடியிருக்குடா. டோ அவுட். சாஞ்சு மட்டும் ஓடியிருந்தா தேயும், இப்படி கீறாது."

யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னதுல கணக்கு இருக்கு. சக்கரம் வெளிப்பக்கம் பாத்து நிக்குது, ஆனா வண்டி நேரா போகுது, அப்ப சக்கரம் உருளுறதோட சேர்த்து உள்பக்கமா தேச்சுக்கிட்டே வரணும். தேயுற பக்கத்துக்கு முன்னாடி இருக்கற ஓரம் மழுங்கும், பின்னாடி ஓரம் கூர்மையா நிக்கும். அதான் ஒரு பக்கம் வழுக்கல், ஒரு பக்கம் கீறல். கை கீறுறது வெளிய இருந்து உள்ள வர்றப்போன்னா டோ அவுட், உள்ள இருந்து வெளிய போறப்போன்னா டோ இன். இது மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும், மாசம் ஒரு தடவ கார் கழுவறப்போ தடவிப் பாக்கலாம், காசு செலவே இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை போர்டிகோல நூல் கட்டினேன். லாரி பட்டறைல பண்ற பழைய வேலை தான் இது, வண்டிக்கு ரெண்டு பக்கமும் நீளமா ரெண்டு நூல், ஒண்ணுக்கொண்ணு இணையா. நூல டயர ஒட்டி கட்டினா தப்பாயிரும், ஏன்னா முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கற அகலமும் பின்னாடி இருக்கற அகலமும் ஒண்ணா இருக்காது, அதனால ஹப்போட நடுவுல இருந்து நூலுக்கு இடதும் வலதும் சமமா வர்ற மாதிரி வெச்சுட்டு, அப்புறம் ரிம்மோட முன் உதட்டுக்கும் பின் உதட்டுக்கும் ஸ்டீல் ஸ்கேல் வெச்சு அளக்கணும். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 3 மில்லி வித்தியாசம் வந்துச்சு, விரிஞ்சு. ரிம் உதட்டுக்கு உதடு சுமார் 400 மில்லி, அப்படின்னா ஒரு சக்கரத்துக்கு 0.4 டிகிரிக்கு மேல.

0.4 டிகிரி தானேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா 400 மில்லிக்கு 3 மில்லின்னா, ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை மீட்டர். அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் நேரா போறப்போ ஒவ்வொரு முன் டயரும் ஏழரை மீட்டர் பக்கவாட்டுல இழுபடணும். ரப்பர் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், குடுக்க முடியாத மீதி ரோட்டுல தேயும். முதல் ஒரு மாசத்த விட்டுட்டு 8,000 கிலோமீட்டர்னு வெச்சாலும் 60 கிலோமீட்டர். சேலத்துல இருந்து கிட்டத்தட்ட தருமபுரி வரைக்கும் ரெண்டு டயரையும் குறுக்க போட்டு தரதரன்னு இழுத்துட்டுப் போன கணக்கு. அப்புறம் எப்படிக் கம்பி தெரியாம இருக்கும்?

இதுல கொடுமை என்னன்னா ஓட்டுறப்போ ஒண்ணுமே தெரியல. ரெண்டு பக்கமும் சமமா விரிஞ்சிருந்தா இடது வலது ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் புடிச்சுக்கும், ஸ்டியரிங் நேரா நிக்கும், கைய விட்டா வண்டி நேரா போகும். "வண்டி ஒரு பக்கமும் இழுக்கல, அப்ப அலைன்மென்ட் ஓகே"ன்னு நானே எத்தன பேருக்கு சொல்லியிருப்பேன். இன்னும் சொல்லப்போனா டோ அவுட்ல வளைவுக்குள்ள மூக்கு சட்டுன்னு திரும்புச்சு, ஸ்பிரிங் போட்டதால தான் இப்படி ஷார்ப்பா இருக்குன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு வேற இருந்தேன்.

சரி, பச்சையா இருந்த டோ எப்படி விரிஞ்சுது?

வண்டிக்கு அடில சக்கரத்த புடிச்சிட்டு இருக்கறதுல ரெண்டு விஷயத்த மட்டும் பாருங்க, ஒண்ணு லோயர் ஆர்ம் (சக்கரத்த அடில வண்டியோட சேக்கற கை), இன்னொண்ணு ஸ்டியரிங் ரேக்ல இருந்து வந்து சக்கரத்த திருப்பற கம்பி, டை ராடு. ரெண்டும் மேல கீழ ஆடும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஊஞ்சல், ஒண்ணுக்கு சங்கிலி நீளம், ஒண்ணுக்கு குட்டை, ரெண்டையும் ஒரே பலகைல கட்டியிருக்குன்னு வெச்சுக்கோங்க. பலகை நடுவுல இருக்கறவரைக்கும் ரெண்டும் ஒத்துப்போகும். ஒரு பக்கமா தள்ளித் தூக்கினா ஒண்ணு வரைஞ்ச வட்டமும் இன்னொண்ணு வரைஞ்ச வட்டமும் ஒத்துவராது, பலகை கோணும். கம்பெனிக்காரன் அவன் குடுத்த உயரத்துக்கு தான் இந்த ரெண்டு வட்டத்தையும் ஒத்துப்போக வெச்சிருக்கான். நாம உயரத்த மாத்தினா பலகை கோணும், அந்தக் கோணல் தான் டோ. அதனால இறக்கின வண்டிக்கு அலைன்மென்ட் பிரிண்ட்னா அது அந்த உயரத்துக்கு மட்டும் செல்லுபடியாகற பிரிண்ட். உயரம் 10 மில்லி மாறினா அந்தப் பேப்பர்ல வடை மடிச்சுக்கலாம்.

என் உயரம் மாறியிருந்துச்சு. புது ஸ்பிரிங் ஓடி ஓடி கொஞ்சம் உக்காரும், அது எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாம இருந்தது புஷ், அந்த ஆர்ம் வண்டியோட சேர்ற இடத்துல இருக்கற ரப்பர் உருளை. லோயர் ஆர்ம் புஷ்ஷ வண்டி லிஃப்ட்ல தொங்கிட்டு இருக்கறப்பவே போல்ட்ட முறுக்கி டைட் பண்ணிட்டாங்க. ரப்பர் புஷ் நடுவுல இருக்கற குழாய் அந்தத் தொங்குற நிலைலயே இறுகிடுச்சு, வண்டிய கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு ஆர்ம மறுபடி கீழ தள்ளுது, அதாவது வண்டிய கொஞ்சம் தூக்கிப் புடிச்சிட்டு நிக்குது. அந்தப் பொய் உயரத்துல அலைன்மென்ட். சில வாரத்துல ரப்பர் தளர்ந்துருச்சு, ஒரு பக்கம் கிழிஞ்சும் போச்சு, மூக்கு இன்னும் இறங்குச்சு, டோ விரிஞ்சுது. சக்கரம் தரைல நிக்கறப்போ தான் அந்த போல்ட்ட கடைசி முறுக்கு முறுக்கணும். ஸ்பிரிங் மாத்தற இடத்துல பக்கத்துலயே நின்னு இத ஒரு வார்த்தை கேளுங்க, கோவப்பட்டா பரவால்ல.

கேம்பருக்கு வர்றேன், அதுக்கும் பங்கு உண்டு. வீட்ல இருக்கற டம்ளர, மேல அகலமா கீழ குறுகலா இருக்குமே அது, படுக்க வெச்சு உருட்டுங்க. நேரா போகாது, வட்டம் போடும். சாஞ்ச டயர் அந்த டம்ளர் மாதிரி தான், உள்பக்கம் திரும்பி உருள ஆசைப்படும், ரெண்டு பக்கமும் எதிரெதிரா இருக்கறதால வண்டி நேரா போகுது, உள் ஓரம் மட்டும் கொஞ்சம் தேஞ்சுக்கிட்டே வரும். எடையும் உள் ஓரத்துல தான் அதிகம் விழும். எனக்கு அப்போ இடது மைனஸ் 1.9, வலது மைனஸ் 1.6 டிகிரி (மைனஸ், நெகட்டிவ்னா மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்குன்னு அர்த்தம்). இந்தக் கேம்பர் மட்டும் இருந்து டோ சரியா இருந்திருந்தா டயர் மெதுவா ஒரு பக்கம் சாஞ்சு தேஞ்சிருக்கும், 9,000ல சாகாது. ரெண்டும் சேர்ந்ததால தான், டோ தேய்க்குது, எங்க தேய்க்கணும்னு கேம்பர் விரல் வெச்சுக் காட்டுது.

ஏற்காடு ஏறுறவங்களுக்கு இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கொண்டை ஊசில வண்டி சாயறப்போ வெளிப்பக்க முன் டயரோட வெளி ஓரம் தான் அடி வாங்கும், கம்பெனி உயரத்துல இருந்தப்போ என் பழைய டயர்ல அந்த வெளி ஓரம் தான் முதல்ல மொட்டையாச்சு. கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் இருந்தா வளைவுல டயர் தட்டையா உக்காரும். அதனால வாராவாரம் மலை ஏறுறவனுக்கு ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கேம்பர் லாபம் தான், தினம் பைபாஸ்ல கொண்டலாம்பட்டிக்கும் சீலநாயக்கன்பட்டிக்கும் ஓடுறவனுக்கு நஷ்டம். இறங்குறப்போ இன்னொண்ணு, பிரேக்ல மூக்கு குத்துதுல்ல, அப்ப ஸ்பிரிங் இன்னும் அமுங்கி அந்த ஊஞ்சல் பலகை இன்னும் கோணும், எடையும் முன்னாடியே இருக்கும், இறங்குற 20 வளைவும் டயருக்கு ஏறுறத விட மோசம். செகண்ட் கியர்ல இஞ்சின் பிரேக்ல இறங்குங்கன்னு போர்டு வெச்சிருக்கறது பிரேக்குக்காக, ஆனா டயருக்கும் அது நல்லது.

இப்ப என் முட்டாள்தனம். சித்தப்பா டோ அவுட்னு கண்டுபிடிச்சாரா, வைத்தியமும் அவரே சொன்னாரு. "நல்லா உள்ள இழுத்து வெச்சுருடா, லாரிக்கு அப்படித்தான்." நானும் புது டயர் ரெண்டு (ஜோடி 11,000 ரூபா, வீட்ல 8,000னு சொன்னேன்) போட்டு, புஷ் மாத்தி, நானே டை ராடு லாக் நட்ட தளர்த்தி, நூல் வெச்சு மொத்தம் 4 மில்லி டோ இன் வெச்சேன். ஸ்டியரிங் கொஞ்சம் கனமாச்சு, வளைவுல மூக்கு திரும்ப சோம்பேறித்தனம். 2,000 கிலோமீட்டர்ல கைய வெச்சா இந்தத் தடவ உள்ள இருந்து வெளிய கீறுது.

லாரில முன் சக்கரம் தள்ளப்படுற சக்கரம். பின்னாடி இருந்து தள்ளுறப்போ ரோடு முன் சக்கரத்த பின்னாடி இழுக்கும், ஜாயின்ட்ல இருக்கற இண்டு இடுக்கெல்லாம் சேர்ந்து சக்கரம் விரியப் பாக்கும், அதனால முன்கூட்டியே உள்ள இழுத்து வெக்கறது நியாயம். என் வண்டில முன் சக்கரமே இழுக்குது. ஆக்ஸிலரேட்டர் குடுத்தா சக்கரம் தானா உள்ள திரும்பப் பாக்கும். அதுக்கு மேல நாமளும் உள்ள இழுத்து வெச்சா? இத சித்தப்பாகிட்ட சொன்னதுக்கு "அப்ப உன் வண்டி மாடு, என் வண்டி மாட்டு வண்டி"ன்னு சிரிச்சாரு, எனக்கு அது ரெண்டு நாள் கழிச்சு தான் வெளங்குச்சு.

கடைசியா வேற ஒரு கடைல, அவசரமில்லாத ஒரு புதன்கிழமை காலைல போய் முழுசா பண்ணினேன். போறதுக்கு முன்னாடி கேம்பர் போல்ட் வாங்கிட்டுப் போனேன், ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) நக்கிளும் (சக்கரம் மாட்டற பாகம்) சேர்ற இடத்துல ரெண்டு போல்ட் இருக்கும்ல, அதுல மேல் போல்ட்டுக்குப் பதிலா போடறது, நடுவுல ஒரு பக்கம் புடைச்சிருக்கும், திருப்பினா சக்கரம் சாயறது மாறும். நம்ம ஊர்ல வழக்கமா பண்றது ஹைட்ராலிக் ஜாக் வெச்சு ஸ்ட்ரட்ட வளைக்கறது, இல்லன்னா ஓட்டைய ஃபைல் போட்டு முட்டை வடிவமாக்கறது. வளைக்கறது எனக்குப் பிடிக்கல, உள்ள ஷாக் ராடு ஓடற குழாய் அது.

அங்க வேல பாத்த அண்ணன் நல்லா பண்ணாரு. நாலு டயருக்கும் காத்து பாத்துட்டு, ஜாயின்ட், புஷ் ஆட்டிப் பாத்துட்டு, வண்டிய அமுக்கி அமுக்கி உக்கார வெச்சுட்டு, கிளாம்ப் மாட்டி வண்டிய பின்னாடி உருட்டி முன்னாடி உருட்டி அப்புறம் தான் அளவே எடுத்தாரு. என் எடையோட அளக்கட்டும்னு டிரைவர் சீட்ல நானே உக்காந்துக்கறேன்னு சொன்னேன், அதுக்கு மட்டும் சிரிச்சாரு. கேம்பர் முதல்ல, டோ அப்புறம், ஏன்னா கேம்பர தொட்டா டோ ஓடிரும், மாத்தி பண்ணா ரெண்டு தடவ வேலை. ஒரே ஒரு இடத்துல சண்டை வந்துச்சு. ஸ்கிரீன்ல 0.20ன்னு காட்டுது, அவர் அத 20 நிமிஷம்ங்கறாரு. ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம், 0.20 டிகிரின்னா 12 நிமிஷம் தான். 20 நிமிஷம்னா 0.33. மெஷின் செட்டிங்க்ஸ தேடிப் பாத்தா தசம டிகிரில இருந்துச்சு. அப்ப அதுக்கு முன்னாடி வந்த வண்டிங்க எல்லாம் என்ன ஆச்சுன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல, ரெண்டு பேரும் டீ குடிச்சோம்.

முடிவா வெச்சது: கேம்பர் ரெண்டு பக்கமும் மைனஸ் 1.2, மொத்த டோ கிட்டத்தட்ட சைபர், ஒரு 4 நிமிஷம் உள்ள. கேம்பர் இன்னும் சிவப்பு தான். அந்தப் பச்சை கம்பெனி உயரத்துக்கான பச்சை, அத தொரத்திட்டுப் போறதுல அர்த்தமில்ல, இடதும் வலதும் ஒண்ணா இருக்கறது தான் எனக்கு வேணும். பின்னாடி டார்ஷன் பீம், ரெண்டு சக்கரத்தையும் சேக்கற ஒரே உத்தரம், அதுல திருகுறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஷிம்னு மெல்லிசா தகடு வெச்சா தான் உண்டு. இறக்கினதால அங்க பெருசா எதுவும் மாறவும் இல்ல.

2,000ல கீறின அந்த டயர தூக்கிப் போடல. திசை குறி போடாத டயர், உள் வெளின்னு எழுதாத டயரா இருந்தா ரிம்ல இருந்து கழட்டி திருப்பிப் போட்டுக்கலாம், தேஞ்ச ஓரம் மறுபக்கம் போயிரும். கோரிமேட்டுப் பையன்கிட்டயே கொண்டு போனேன். "இப்ப கம்பி இல்லைங்களாங்ணா"ன்னு கேட்டுட்டே மாட்டினான்.

இப்ப அதுல மொத்தம் 14,000 ஓடியிருக்கு. போன வாரம் டெப்த் கேஜ் வெச்சு பட்டன் ஆழம் பாத்தா உள் ஓரம் 4.6, நடு 5.2, வெளி 4.9 மில்லி. சட்டப்படி 1.6 வரைக்கும் போகலாம், நான் 3லயே மாத்திருவேன், மலைல மழை பெய்யற நேரத்துல அந்த ரோடு எப்படி இருக்கும்னு ஏறினவங்களுக்குத் தெரியும்.

அதே வாரம் ஏற்காடு ஏரிப் பக்கம் நிறுத்திட்டு பஜ்ஜி வாங்கப் போறப்போ ஒரு இறக்கின போலோ நின்னுட்டிருந்துச்சு, என்னுதவிட தாழ்வா. கை சும்மா இருக்கல. முட்டி போட்டு, செல்ஃபோன் டார்ச் அடிச்சு, உள்ள கைய விட்டு தடவிட்டிருக்கேன், பின்னாடி ஒரு குரல், "அண்ணா, அது என் வண்டி, ஏதாவது விழுந்துருச்சா?" எந்திரிச்சு கைய பேண்ட்ல தொடச்சுக்கிட்டு, "இல்ல தம்பி. நீங்க ஒரு தடவ கைய உள்ள விட்டுப் பாருங்க, வெளிய இருந்து உள்ள"ன்னேன். அந்தப் பையன் என்னைய ஒரு மாதிரி பாத்தான், அப்புறம் குனிஞ்சான்.